பிளஸ் ஒன் வகுப்புக்கு ஒரு டி.சி.

தலைமையாசிரியர் செண்பகராமனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குருவுக்கு நாற்பதுதான். ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடத்தில் இருந்தார். கோபம் வந்தால் செண்பகராமன் அங்கே போவார். அதனால் வாரத்தில் ஐந்து நாள் அவரை அங்கே பார்க்கலாம்.

"பிளஸ் ஒன் தர்ஷன் பீர் குடிச்சு மாட்டிக்கிட்டான், சாமி. டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துடப் போறேன்."

"நடு வருஷத்துல வேற எந்த ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க?"

"அவங்கம்மாவும் அதைச் சொல்லித்தான் அழுறாங்க. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா அவன் என்ன சொல்றான் தெரியுமா? 'எல்லாரும்தான் சார் குடிக்கிறாங்க'ங்கிறான்."

"அப்ப ஒரு டி.சி. பத்தாதே சார். வகுப்புல எத்தனை பேர்?"

"நாற்பத்திரண்டு."

"ஒவ்வொருத்தனையும் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. கையில பிரம்பு வேண்டாம்."

மூன்றாம் நாள் செண்பகராமன் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"முப்பத்தொன்பது பேர் தொட்டதே இல்லையாம், சாமி. ஆனா அத்தனை பேரும் ஒரே பாட்டு. 'எல்லாரும் குடிக்கிறாங்க, நான் மட்டும்தான் இப்படி இருக்கேன்'னு. சில பயலுகளுக்கு அதுல வெட்கம் வேற."

குரு சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"மிச்சம் மூணு பேர்?"

"குடிச்சவனுங்க. தர்ஷனும் அதுல ஒருத்தன். ஏன்டா குடிச்சீங்கன்னா, எல்லாரும் குடிக்கிறாங்களேன்னு குடிச்சாங்களாம்."

"எல்லாரும் குடிக்கிறாங்கன்னு அவங்களுக்கு யார் சொன்னா?"

செண்பகராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேப்பர்ல போட்டிருந்தான், மாணவர்களிடம் பெருகிவரும் குடிப்பழக்கம்னு."

"பசங்க பேப்பர் படிக்கிறாங்களா?"

"எங்க படிக்கிறாங்க! நான்தான் திங்கக்கிழமை பிரேயர்ல... நீங்க எல்லாருமே குடிச்சுக் கெட்டுப்போறீங்கடான்னு. ஜூன்ல இருந்து ஒரு வாரம்கூட விடாம திட்டியிருக்கேன்."

செண்பகராமன் பையிலிருந்து டி.சி.யை எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இதை நான் இப்ப யாருக்குத்தான் குடுக்கிறது?"

"தர்ஷன் உட்கார்ந்து படிக்கட்டும். உங்க ஸ்கூல்ல 'எல்லாரும்'னு ஒரு பய திரியறான் பாருங்க, அவனுக்குக் குடுத்து அனுப்புங்க. அவனுக்கு அட்மிஷன் போட்டதே நீங்கதானே சார்."