மைமூன் நாச்சியாரின் நண்பகல் தொழுகை

கடம்பந்துறை எரிந்த அன்று பள்ளிவாசலில் நகரா அடித்துக்கொண்டிருந்தார்கள். தொழுகைக்கு அழைக்கும் அந்த முரசு பாதியில் நின்றது. தோணியில் தப்பிப் போய்க்கொண்டிருந்த மைமூன் நாச்சியார் தன் ஊரிலிருந்து கடைசியாகக் கேட்டது அதுதான்.

ஊரை ஆண்ட அவள் கணவர் அன்று இறந்தார். பட்டம் அவளுக்கு வந்தது. ஊர் பறங்கிகளிடம் போயிற்று.

அவள் கப்பல்களைச் சேர்த்தாள். கண்ணில் பட்ட பறங்கிக் கப்பலையெல்லாம் மறித்தாள். பறங்கிகள் கொள்ளைக்காரி என்றார்கள். அவளுடைய ஆட்கள் அரசி என்றார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

தலை நரைத்தபின் ஊரை மீட்டாள். கோட்டைக்குள் ஒருவன் அகப்பட்டான். ஊருக்குத் தீ வைத்த தளபதியின் மகன். அவனைக் கயிற்றில் கட்டி, தன் குருவான ஷெய்கு பதுருத்தீனிடம் கொண்டுபோனாள். பறங்கிகள் ஆண்ட காலமெல்லாம் அவர் இடிந்த பள்ளிவாசலை விட்டு நகரவில்லை.

"இவனைக் கடலில் இறக்கப்போகிறேன், அப்பா. அது நீதியா, பழியா? நீங்கள் சொல்லுங்கள்."

ஷெய்கு கைதியைப் பார்த்தார். "உனக்கு எந்த ஊர்?"

"கடம்பந்துறை. இங்கேதான் பிறந்தேன்." நல்ல தமிழில் சொன்னான்.

வாசலில் நின்ற கப்பல் தலைவன் உதுமான் சிரித்தான். "கேட்டீங்களா அப்பா, ஊரும் இவனுதாம்! சீக்கிரம் சொல்லுங்க. மீனுக்குப் பசிக்குது."

"உன் பசியை மீன் மேல் போடாதே, உதுமான்."

அவர் நாச்சியாரிடம் திரும்பினார். "நண்பகலாயிற்று, லுஹர் நேரம். முதலில் தொழு."

அவள் கை, முகம், கால் கழுவி உளூ செய்து வந்து தூணுக்குப் பின்னால் நின்றாள். குனிந்தாள், பணிந்தாள், எழுந்தாள்; அது ஒரு ரக்அத். மறுபடி அதேபோல் இன்னொன்று. வலமும் இடமும் சலாம் கொடுத்து எழுந்துவிட்டாள்.

"முடிந்ததா?"

"முடிந்தது."

"லுஹர் எத்தனை ரக்அத்?"

"நான்கு. பயணத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு..."

சொல்லிவிட்டு நின்றாள். உதுமான் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"நாச்சியா, இது நம்ம ஊரு. தரை ஆடலை பாருங்க."

"கப்பலிலேயே தொழுது பழகிவிட்டது, அப்பா. மறந்துவிட்டேன்."

"இருக்கட்டும். திரும்பத் தொழுதுகொள்."

"தொழுகிறேன். இவனுக்கு என்ன தீர்ப்பு?"

"இந்த ஊரில் உயிருக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் கடம்பந்துறை அரசி. அவள் இன்னும் கரை இறங்கவில்லையே, மகளே."

அவள் உதுமானிடம் சொன்னாள்:

"கயிற்றை அவிழ். அவள் வரும்வரை இவன் இங்கேயே இருக்கட்டும்."

காற்று திரும்பியதும் அவள் மறுபடி கடலுக்குப் போனாள். பிறகு வரவில்லை.

அந்தக் கைதி கடம்பந்துறையில் தோணிகளுக்குப் பாய் தைத்துப் பிழைத்தான். கிழவனாகி அங்கேயே இறந்தான்.