பெரிய பங்களா ஆமா

அந்தத் தேயிலைத் தோட்டத்து வேதக்கோயிலில், மழைக்குச் சரிந்துபோன கல்லறைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். உடைந்த கல்லுக்குப் பதில் புதுக்கல் வைக்க விரும்பும் குடும்பத்தார் வரலாம் என்று போதகர் சொல்லியனுப்பினார். அடக்கப் பதிவேட்டில் உள்ளதற்கு மாறாகக் கல்லில் எதுவும் வெட்டக் கூடாது என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை.

கிருபாவதி தன் இரண்டு அண்ணன்மாரோடு மலையேறி வந்தாள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டி ஏசுவடியாள் அங்கேதான் அடக்கமாகியிருந்தாள். அவளைப் பற்றி வீட்டில் யாரும் வாய்திறப்பதில்லை. அவள் மகனான தாத்தா ஆபிரகாம் மட்டும் சாகும்வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய பங்களாவில எனக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பி உண்டு." கேட்டவர்கள் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் கூசியே குடும்பம் இந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிட்டது.

போதகர் பதிவேட்டைப் பிரித்தார். பழைய மையில் ஒரே வரி: 'ஏசுவடியாள், விதவை, பெரிய பங்களா ஆமா.'

"ஆமாவா?" என்று சிரித்தான் சின்னண்ணன் செல்வின். "துரை சொல்றதுக்கெல்லாம் ஆமா போட ஒரு ஆள் வச்சிருந்தாங்களோ?"

பெரியண்ணன் தேவாசீர்வாதம் சிரிக்கவில்லை. "அது அம்மா. எழுதினவன் கை தவறிடுச்சு. பங்களாவுக்கே அம்மாவா இருந்திருக்கா. துரைக்குப் பிறந்த பிள்ளை அவ பிள்ளைதான். தாத்தா சொன்ன தம்பி அவன்தான். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? அப்படியே வெட்டுவோம்."

"ஊரே சிரிக்கட்டும்னா?" செல்வினுக்கு முகம் சிவந்தது. அவன் மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் கூடி வந்திருந்தது. "அது அம்மாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆயா. பிள்ளை தூக்கின வேலைக்காரி. பேரை மட்டும் வெட்டுங்க, போதும்."

கல்தச்சர் உளியோடு வெளியே காத்திருந்தார். கிருபாவதிக்கு இரண்டு பேச்சும் ஒப்பவில்லை. "அய்யா, அந்தக் காலத்து மத்தப் பக்கங்களையும் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

போதகர் ஞானஸ்நானப் பதிவேட்டையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அந்தக் காலத்தில் கோயில் ஊழியம் பார்த்த ஒரே உபதேசியார் எழுதியவை. கையெழுத்தில் சந்தேகமே இல்லை. அவர் எந்தப் பிள்ளையைப் பதிந்தாலும், பெற்றவளைத் 'தாய்' என்றுதான் எழுதியிருந்தார். அடக்கப் பதிவேட்டில் ஏசுவடியாளின் வரிக்கு இரண்டு வரி தள்ளி இன்னொருத்தி இருந்தாள்: 'மரியாள், பெரிய பங்களா ஆயா.'

கிருபாவதி இரண்டு பதிவேடுகளிலும் முந்தைய வருஷங்களைப் புரட்டினாள். ஓர் ஆவணி மாதம் ஏசுவடியாளின் கணவன் அடக்கமாகியிருந்தான். அதே வருஷம் ஐப்பசியில் அவளுடைய கைக்குழந்தை ஆபிரகாமுக்கு ஞானஸ்நானம். மார்கழியில் துரையின் மனைவி மார்கரெட்டின் அடக்கம். அதே வாரம், பிறந்து சில நாளே ஆன ஓர் ஆண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. 'தகப்பன்: பெரிய பங்களா துரை. தாய்: காலஞ்சென்ற மார்கரெட்.'

கிருபாவதி அந்த வரியில் விரலை வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியண்ணே, அவ துரை பிள்ளையைப் பெறல. சின்னண்ணே, அவ ஆயாவும் இல்ல. எழுதினவர் கையும் தவறல. தாத்தா சொன்னதும் பொய்யில்ல. அவருக்கு வெள்ளைக்காரத் தம்பி இருந்தான்."

"இது எப்படிப் பொருந்தும்?" என்றார்கள் இருவரும்.

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் சொன்னது சரி? பெரிய பங்களாவின் 'ஆமா' யார்?

*

கிருபாவதி சொன்னதே சரி. பிள்ளையைத் தூக்கி வளர்ப்பவள் ஆயா. தாயில்லாத பிள்ளைக்குத் தன் முலைப்பால் கொடுப்பவளை அந்தக் காலத்துத் துரை பங்களாக்களில் 'ஆமா' என்பார்கள். இரண்டும் வெவ்வேறு வேலை என்பதால்தான் உபதேசியார் இரண்டு சொல் எழுதினார். ஐப்பசியில் கைக்குழந்தையோடு இருந்த ஏசுவடியாளுக்கு மார்கழியில் பால் இருந்தது. பங்களாவில் பச்சைப்பிள்ளை பசியில் அழுதது. கணவனை இழந்தவள், மனைவியை இழந்தவனின் பிள்ளையை மார்பில் ஏந்திக்கொண்டாள். ஒரே பால் குடித்தவனைத் தம்பி என்று சொல்லாமல் தாத்தா வேறு எப்படிச் சொல்வார்? 'ஏசுவடியாள், பெரிய பங்களா ஆமா' என்றே கல்லில் வெட்டச் சொன்னார்கள். கல்தச்சர் உளியை எடுத்தபோது செல்வின் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "அண்ணாச்சி, அதுக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விடுங்க. 'இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள்.' என் மகளும் மாப்பிள்ளையும் வந்தா, வாசிச்சுப் புரிஞ்சுக்கணும்."