கேஸ் ஷீட்டில் எழுதிய வார்த்தை

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் சண்முகவடிவிடம் மேற்படிப்புப் படித்து வந்தாள் ஜெபராணி. வாதம் என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி மறந்துவிடும்.

ஏழாம் கட்டில்காரருக்கு ஈரல் முழுக்கப் பழுது. இனிப் பிழைக்க மாட்டார். அதைக் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது என்று அவளுக்கும், உடன் படிக்கும் நவாஸுக்கும் நேற்றுக் காலையிலிருந்து சண்டை. அவன் ஆள் மோசம் என்ற அர்த்தத்தில் ‘பேஷண்ட் பேட்’ என்று எழுதியிருந்தான். அவள் அதை அடித்துவிட்டு, பிழைப்பது சந்தேகம் என்பதற்கு டாக்டர்கள் பாஷையில் ‘ப்ராக்னோசிஸ் கார்டட்’ என்று எழுதினாள்.

கடைசியில் இருவரும் டாக்டரிடம் போனார்கள்.

“மேடம், இவன் எழுதினது இங்கிலீஷே இல்ல. நீங்களே சொல்லுங்க.”

“வார்டுல எல்லாரும் இப்படித்தான் மேடம் சொல்றாங்க,” என்றான் நவாஸ். “லண்டன்லேர்ந்தா வந்து படிக்கப் போறாங்க?”

டாக்டர் சிரிக்கவில்லை.

“அவர் சம்சாரத்துக்கிட்ட என்ன சொன்னே ஜெபா?”

“சரியானதைத்தான் மேடம். ப்ராக்னோசிஸ் கார்டட்னு நேத்தே சொல்லிட்டேன்.”

“அதுக்கு அந்தம்மா?”

“கையெடுத்துக் கும்பிட்டாங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். “வா.”

வராந்தாவில் ஏழாம் கட்டில்காரரின் சம்சாரம் கோமதியம்மாள் புருஷனின் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். ஜெபராணியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“இந்தத் தாயி நேத்தே சொல்லிட்டாவ. இங்கிலீஷ்ல பெரிசு பெரிசாச் சொன்னாவளா, சரி, பெரிய வைத்தியம் நடக்குதுன்னு மனசு ஆறிட்டு. கோயம்புத்தூர்ல மகன் பையும் கையுமா கிளம்பி நின்னான். பரீட்சையை முடிச்சிட்டு மெள்ள வா ராசான்னுட்டேன்.”

ஜெபராணி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கோமதியம்மாளின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“அம்மா... அவரோட கண்டிஷன்...”

அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டாள். தரையில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவர் பிழைக்க மாட்டாரும்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்குறதே கஷ்டம். மகனை இப்பவே வரச் சொல்லுங்க.”

இந்த முறை கோமதியம்மாள் கும்பிடவில்லை. ஜெபராணியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடி தளர வெகுநேரமாயிற்று.

அறைக்குத் திரும்பியபோது ஜெபராணியின் கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் வீம்பு போகவில்லை.

“கேஸ் ஷீட்டுல எதை எழுதறது மேடம்? நீங்க இன்னும் சொல்லலையே.”

“கோயம்புத்தூர்லேர்ந்து இங்க வர எத்தனை மணி நேரம்?”

“எட்டு மணி நேரம் மேடம்.”

“நேத்துக் காலையில கிளம்பியிருந்தா?”

“நேத்துச் சாயங்காலமே வந்து அப்பாவைப் பாத்திருப்பான் மேடம்,” என்றாள் ஜெபராணி.