மூன்று சந்தைக்கு ஒரு பந்தல்

ஜனங்கள் ராஜாவின் பந்தலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

குன்றூர்ச் சந்தையின் வழக்கம் அது. கடைசி நாள் முரசு கொட்டியதும், வெளிநாட்டு ராஜாக்கள் போட்ட பந்தல் பொதுச்சொத்து. எவன் எதைப் பிடுங்குகிறானோ அது அவனுக்கு. தடுத்தால் கஞ்ச ராஜா என்று பெயர். அடுத்து வரும் ஆலங்கரையிலும் தேவிமங்கலத்திலும் இதே கூத்துதான்.

நாணற்காட்டு ராஜா வீரமல்லன் பாய் விற்க வந்தவர். பாயை விரித்துக் காட்ட நிழல் வேண்டும். பந்தல் கட்ட ஒரு மாதம் ஆகும். சந்தைக்கும் சந்தைக்கும் நடுவே பத்தே நாள். அதனால் ஆலங்கரையில் புளியமரத்தடியில் கடை விரித்தார்கள். காக்கைகள் பாய்மேல் செய்ததை நான் எழுதப் போவதில்லை. ஒன்றுகூட விற்கவில்லை. தேவிமங்கலத்திலும் அதே கதைதான். ஊர் திரும்பியதும் பாய் முடைகிறவர்கள் அரண்மனை வாசலில் வந்து பேசாமல் நின்றார்கள். திட்டியிருந்தால்கூட ராஜா தாங்கியிருப்பார்.

"அடுத்த வருஷம் ஒரே பந்தல் மூன்று சந்தைக்கும் நிற்க வேண்டும்" என்றார்.

அமைச்சர் அனந்தகிரி உடனே எழுந்தார். அவர் நல்லவர் என்று எழுத ஆசைதான். என்ன செய்வது, அவர் நல்லவர் இல்லை. "நம் சாத்தப்பன் இருக்கிறானே, மகாராஜா. வாயாலேயே கோட்டை கட்டுகிறவன். பந்தல் கட்ட மாட்டானா? தேவிமங்கலத்தில் ஒரு தட்டி குறைந்தாலும் சபையை விட்டுப் போகட்டும்."

சபையில் சாத்தப்பனின் வேலை ராஜாவைச் சிரிக்க வைப்பது. அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

ராஜா தன் முத்திரை வைத்த ஒரு மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். "ஆயிரம் ஆணி. எல்லாவற்றையும் அடி. யானை இழுத்தாலும் வரக்கூடாது."

"உத்தரவு, மகாராஜா."

மறுவருஷம் குன்றூரில் பந்தல் எழுந்தது. கூரைக்கு அறுபது தட்டி, தாங்க இருபது கம்பு. ஒவ்வொன்றிலும் ஒரு படம். மீன், குடம், தேள், கிளி என்று. கடைசி நாள் முரசு கொட்டப் போகும் நேரம் சாத்தப்பன் ஒரு மேடைமேல் ஏறினான்.

"ஐயாமாரே, தாராளமாக எடுங்கள். ஒரே ஒரு விஷயம். எடுத்ததை ஆலங்கரைக்குக் கொண்டுவந்தால், உங்கள் தட்டியின் நிழல் சந்தை முடியும்வரை உங்களுக்கு. உட்காரப் பாய் நாங்கள் போடுகிறோம். கம்பு எடுத்தவர் அதில் சாய்ந்துகொள்ளலாம்."

முரசு கொட்டியது. கண்மூடித் திறப்பதற்குள் பந்தல் காணாமல் போனது.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யானை வேண்டாம், ஒரு கிழவி இழுத்ததும் வந்துவிட்டதே."

"பத்து நாள் பொறுங்கள், மகாராஜா."

அமைச்சர் பக்கத்தில் வந்தார். "சாத்தப்பா, மூட்டை முடிச்சைக் கட்ட ஆரம்பித்துவிட்டாயா?"

"கட்டியேதான் இருக்கிறது, அமைச்சரே. இன்னும் அவிழ்க்கவில்லை."

இதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. மூன்று சந்தைக்கும் போகிறவர்கள் அதே மாட்டு வியாபாரிகள்தான். வண்டி வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஆலங்கரையில் அறுபது தட்டியும் இருபது கம்பும் வந்து சேர்ந்தன. அவரவர் படம் பார்த்து அவரவரே கட்டினார்கள். காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் பந்தல் நின்றது. பாயில் உட்கார்ந்தவன் எழுந்து போகும்போது அந்தப் பாயையே விலை கேட்டான். ஆலங்கரைக்கென்று கொண்டுபோன பாயெல்லாம் தீர்ந்தது. கடைசி நாள் சாத்தப்பன் மறுபடி மேடை ஏறி, தேவிமங்கலத்துக்கும் அதே வாக்கைக் கொடுத்தான்.

அமைச்சருக்குத் தூக்கம் போனது.

தேவிமங்கலத்தில் ஐம்பத்தொன்பது தட்டிதான் வந்தது. தேள் படம் போட்டது இல்லை. சாத்தப்பன் மாட்டு வியாபாரிகளிடம் விசாரித்தான்.

"தேள் தட்டியா? ஆலங்கரையில் ஒருத்தன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனான், அண்ணே. யாரென்று தெரியாது. காலில் அரண்மனைச் செருப்பு."

சாத்தப்பன் தலையாட்டினான். போய் ஆசனங்களை வரிசையாகப் போட்டான்.

ராஜா வந்து உட்கார்ந்தார். அமைச்சரும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் மேலே பார்த்தார். அவர் தலைக்கு நேராக வானம்.

"மகாராஜா, கூரையில் ஓட்டை. ஒரு தட்டி குறைகிறது. இவன் போக வேண்டியதுதான்."

"குறையவில்லை, வந்துகொண்டிருக்கிறது" என்றான் சாத்தப்பன். "மதியச் சாப்பாடுவரை நேரம் கொடுங்கள்."

"சரி" என்றார் ராஜா.

ராஜா எழுந்திருக்கும்வரை சபையில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அது நாணற்காட்டு மரியாதை. சாத்தப்பன் ராஜாவின் கையில் மோர்க் குவளையைக் கொடுத்தான். "அந்தக் கொம்பன் யானையைப் பிடித்தீர்களே, அதை முதலிலிருந்து சொல்லுங்கள், மகாராஜா."

சும்மாவே அந்தக் கதை அரைநாள் ஓடும். அன்று ராஜா யானையின் தாயாரிடமிருந்து ஆரம்பித்தார்.

குட்டி பிறப்பதற்குள் அமைச்சரின் மேல்துண்டு நனைந்துவிட்டது. யானைக்குக் கொம்பு முளைக்கும்போது வழுக்கைத் தலை பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. மாட்டு வியாபாரி ஒருவர் தன் நிழலிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, உங்கள் தட்டியைக் கொண்டுவர மறந்துவிட்டீர்களா?"

குழி வெட்டும் கட்டத்தில் அமைச்சரால் தாங்க முடியவில்லை. வேலைக்காரனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவன் ஓடினான். அமைச்சரின் வண்டி வைக்கோலுக்கு அடியிலிருந்து தேள் தட்டி வந்தது. அமைச்சரே ஆசனத்தின்மேல் ஏறி நின்று கட்டினார்.

"தவறுதலாக என் வண்டியில்..." என்றார்.

"அறுபது" என்றான் சாத்தப்பன்.

ராஜா சிரித்த சிரிப்பில் மோர் சிந்தியது. அமைச்சரைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, அந்த ஆசனத்தைச் சாத்தப்பனுக்குக் கொடுத்தார். பிறகு ஒரு கம்பைத் தடவிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் கயிறுதான்.

"சாத்தப்பா, நான் கொடுத்த ஆணி எங்கே?"

அவன் தன் வண்டியிலிருந்து மூட்டையைத் தூக்கிவந்து வைத்தான். ராஜா போன வருஷம் போட்ட முத்திரைகூட உடையவில்லை.

"இதுவும் மூன்று சந்தை பார்த்துவிட்டது, மகாராஜா. ஒன்றுகூட வளையவில்லை."