தரகர் வாய் திறந்த கதை

“மேடம், அந்தப் பெரியவர் வாயில ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஒரு மடக்கு கஞ்சிகூட இறங்க மாட்டேங்குது,” என்றான் தளவாய்.

ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். தலையில் நரை தட்டிய பிறகு நர்சிங் படிக்க வந்திருக்கிறான். பாடம் சொல்லும் நிலோஃபர் அவனைவிடச் சின்னவள், அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவனோ அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பான். வேறு யாரிடமும் அப்படி நிற்கிற ஆள் இல்லை.

“டார்ச் அடிச்சுப் பாத்தியளா அண்ணே?”

“பாத்தேன். அத்தனையும் முத்து முத்தா இருக்கு. ஒரு சொத்தை கிடையாது.”

“வயசு?”

“எம்பது.”

நிலோஃபர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளவாய்க்கு முதலில் காது சூடானது. அப்புறம்தான் மூளைக்கு எட்டியது. அட மடையா, அது பல்செட்டுடா, என்று தன்னையே திட்டிக்கொண்டு வார்டுக்கு ஓடினான்.

கட்டிலில் கிடந்தவர் அணைஞ்சபெருமாள், கல்யாணத் தரகர். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தால் பெண் வீட்டார் பாதி சம்மதித்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. காய்ச்சல் விட்டும் சாப்பாட்டைத் தொடாமல் எலும்பும் தோலுமாகிவிட்டார். மனுசன் போகத் துணிந்துவிட்டார் என்று மனைவி பேச்சியம்மாள் கட்டிலடியிலேயே அழுதுகொண்டிருந்தாள். சாயங்காலம் மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று.

“தாத்தா, பல்செட்டைக் கழத்துங்க,” என்றான் தளவாய், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். பெரியவர் மனைவியைப் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டுவிட்டார்.

“கெடுத்துட்டேன் மேடம்,” என்று வந்து நின்றான் தளவாய். அழாத குறை. “இப்ப வாயையே திறக்க மாட்டேங்காரு.”

நிலோஃபர் எழுந்து வார்டுக்கு நடந்தாள். அவன் நீட்டிய டார்ச்சை வாங்கிக்கொள்ளவில்லை.

பேச்சியம்மாளை வெந்நீர் வாங்கிவர அனுப்பினாள். தளவாயை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, பெரியவர் முகத்துக்கு நேரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

தன் மேலுதட்டுக்குள் விரலை விட்டாள். அவளுடைய முன்பல் ஒன்று தகட்டோடு கழன்று வந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து நீட்டிவிட்டு, நடுவில் ஓட்டையோடு சிரித்தாள்.

தளவாய் அசந்துபோனான். தினமும் அந்த வாயைப் பார்த்துத்தானே பாடம் கேட்கிறான்.

பெரியவர் அந்தப் பல்லையும் அவள் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கல்யாணம் ஆயிட்டா தாயி?”

“ஆயிட்டு.”

“அவருக்கு இது தெரியுமா?”

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கே கழத்திக் காட்டிட்டேன்.”

தரகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் வலி கொன்றது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பல்செட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். மனைவி தூங்கிய பிறகு கழற்றி, அவள் எழும் முன் மாட்டிக்கொண்டே காலம் தள்ளியவர். ஆஸ்பத்திரியில் அவள் கண் மூடினால்தானே; பல்செட் ராப்பகலாய் வாயிலேயே கிடந்தது.

தளவாய் குனிந்து பார்த்தான். மேலண்ணமெல்லாம் ரத்தச் சிவப்பு. ஈறு ஓரத்தில் புண். கன்னத்தின் உள்ளே தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் கிடந்தார்!

டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதினார். வலி மரக்கக் களிம்பு தடவச் சொன்னார். குழாய் மட்டும் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

பேச்சியம்மாள் வெந்நீரோடு வந்தாள். பெரியவர் துண்டால் வாயை மூடினார். அவள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இதுக்கா சோறு திங்காம கிடந்திய? எனக்கும் கடைவாய்ல ஒண்ணும் கிடையாது, பாருங்க.”

அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்தாள். ஊட்டியது தளவாய். ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் அவன் தொண்டையும் சேர்ந்து விழுங்கியது.

சாயங்காலம் டாக்டர் குழாயோடு வந்தார்.

அணைஞ்சபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். வார்டே பார்க்க, பொக்கை வாயை அகலத் திறந்து காட்டினார்.

“எல்லாம் உள்ள எறங்கிட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்.”