மலைக்கு ஒரு கூறு

சுனையடி என்று ஒரு ஊர். மலையில் சுனை, அதற்குக் கீழே ஊர், அதனால் அந்தப் பெயர். ஊர் முழுவதுக்கும் குடிதண்ணீர் அந்தச் சுனையில் இருந்துதான்.

சுனைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மடம் இருந்தது. வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற மடம். அதைப் பார்த்துக்கொண்டவர் செங்கமலம். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனாலும் தலை நரைத்தவர்கள்கூட அவரைத் தாயி என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன கேட்டாலும் நீளமாகப் பதில் சொல்லுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அவரிடம் சீடராகப் போய் நின்றவர் மாசிலாமணி. ஐம்பத்தெட்டு வயது. கறிக்கடைக்காரர்.

மாசிலாமணியின் அப்பா காலத்தில் அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைதான் ஆடு அடிப்பார்கள். அதுவும் சும்மா அடிப்பதில்லை. கறி வேண்டும் என்கிற வீட்டார் சனிக்கிழமைக்குள் பெயர் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பெயர் சேர்ந்தால்தான் ஒரு ஆடு. தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல் என்று எல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் விழுகிற மாதிரி பன்னிரண்டு கூறாகப் பிரித்து வாழை இலையில் வைப்பார்கள். பெயர் சேராவிட்டால் ஆடு பிழைத்தது.

மாசிலாமணி கடை போட்ட பிறகு பெயர் சொல்லுகிற வேலையே இல்லாமல் போனது. தினமும் மூன்று ஆடு கொக்கியில் தொங்கியது. கறி இல்லாத தட்டைப் பிள்ளைகள் தள்ளிவிட்டன. கடை ஓட வேண்டும் என்றால் பட்டியில் எந்நேரமும் நூறு ஆடு நிற்க வேண்டும். நூறும் மலையில்தான் மேய்ந்தன. மலை மொட்டையாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்காமல் செம்மண்ணாக ஓடியது. சுனை சுண்டிப்போனது.

அந்தக் கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் மாசிலாமணியின் மனைவி பவளக்கொடிக்கு இடம் விடவில்லை. உங்கள் வீட்டு ஆடு தின்றது போக மிச்சம் இருந்தால் பிடித்துக்கொள் என்றார்கள். அவள் வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். குடத்தை வாசலில் கவிழ்த்து வைத்தாள். ஆவணியில் ஊர்க்கூட்டம் கூடிக் கடையை மூடச் சொல்லப்போகிறது என்றும் பேச்சு அடிபட்டது.

கூட்டத்துக்கு மாசிலாமணி பயப்படவில்லை. அந்தக் கவிழ்ந்த குடத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. மடத்துக்கு நடந்தார்.

தாயி கறியே கூடாது என்று சொன்னால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். பாட்டன் பூட்டன் தின்றது, சாமிக்குக் கிடா வெட்டுவது, மூன்று தலைமுறைத் தொழில், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டார்.

"தாயி, கறி தின்னுறது தப்பா?"

செங்கமலம் நொய் புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"கூறு போடத் தெரியுமாண்ணே?"

அப்பாவிடம் பழகிய கை, கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்றார் மாசிலாமணி.

"அப்ப மலைக்கும் ஒரு கூறு வைங்க."

அவ்வளவுதான். அடுக்கி வைத்தது எதற்கும் வேலை இல்லாமல் போனது.

தாயி சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் மாசிலாமணி. மறுநாளே நல்ல தொடைக்கறியாகப் பார்த்து எடுத்து, ஈரலும் ஒரு துண்டு சேர்த்து, வாழை இலையில் கட்டி மலையடியில் ஒரு பாறைமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

"கூறு கெட்ட மனுசா, மலை கறி தின்னுமா?" என்றாள் பவளக்கொடி.

மறுநாள் போய்ப் பார்த்தார். இலை மட்டும் கிடந்தது. தின்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். தினமும் ஒரு கூறு போனது.

ஒரு மாதம் ஆனது. சுனையில் தண்ணீர் ஏறவில்லை. மடத்து நாய்தான் பருத்தது. டீக்கடைப் பக்கம் போனால், மலைக்கு வால் முளைத்திருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

மாசிலாமணி கோபத்தோடு மூன்று கிலோ கறியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார். உங்கள் பேச்சைக் கேட்டேன், கூறெல்லாம் நாய் வயிற்றுக்குப் போனது, இனிமேல் நீங்களே சமைத்து மலைக்கு ஊட்டிவிடுங்கள் என்றார்.

செங்கமலம் நாயைப் பார்த்தார். நாய் வாலை ஆட்டியது.

"நீங்களே சமைங்கண்ணே. நானும் சாப்பிடுறேன். தண்ணிதான் இன்னும் எடுக்கல" என்று ஒரு குடத்தையும் சிரட்டையையும் கையில் கொடுத்தார்.

தாயி கறி தின்பாரா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்திலேயே சுனைக்குப் போய்விட்டார்.

கல் இடுக்கில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம் ஆனது, ஒரு சிரட்டை நிறைய. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் ஒரு குடம் பிடித்தது கிடையாது. அது பவளக்கொடி வேலை. உட்கார்ந்திருந்தார். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் மலையைப் பார்த்தார்.

மேலே ஒரு ஆடு பின்னங்காலில் நின்று ஒரு வேப்பங்கன்றை வளைத்துக் கொழுந்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில் பச்சை என்று இருந்தது அது ஒன்றுதான். ஆட்டின் காதில் இரண்டு வெட்டு. அவர் கையால் போட்ட அடையாளம். விரட்டினார். ஆடு அவரைப் பார்த்தது. நம் வீட்டு ஆள்தானே என்று நினைத்ததோ என்னவோ, பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் தின்றது.

உச்சி வெயில் ஏறும்போது கால் குடத்தோடு திரும்பி வந்தார்.

செங்கமலம் குடிக்க ஒரு பங்கு எடுத்து வைத்தார். கஞ்சிக்கு ஒரு பங்கு. ஏனம் கழுவ ஒரு பங்கு. அடியில் ஒரு செம்புத் தண்ணீர் நின்றது.

"இது கறிக்கு. இதுல எவ்வளவு வேகுமோ அவ்வளவு போடுங்க."

மாசிலாமணி ஒரு கை அள்ளிப் போட்டார். மிச்சத்தைத் திருப்பி இலையில் கட்டினார். குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் விழுந்தன. வழிப்போக்கர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. மாசிலாமணி ஒரு எலும்பை வெகுநேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தார். தன் கடைக் கறி இவ்வளவு ருசி என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மலைக்கு வைக்கச் சொன்ன கூறு, கறியே இல்லையா தாயி?"

செங்கமலம் எலும்பை நாய்க்குப் போட்டார்.

"மெதுவாப் பேசுங்க. இதுக்குக் கேட்டா கோவிச்சுக்கும்."

அடுத்த நாள் கடை திறக்கவில்லை. சனிக்கிழமை மாசிலாமணி வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டார். பாதிப் பேர் விளையாட்டு என்று நினைத்தார்கள். ஏழு பெயர்தான் சேர்ந்தது. ஆடு அடிக்கவில்லை. ஏழு வீட்டாரும் திட்டினார்கள். பவளக்கொடி முருங்கைக்காய்க் குழம்பு வைத்து, திட்ட வந்தவர்களுக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பெயர் சேர்ந்தது. ஒரே ஆடு. அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே மணத்தது. தட்டைத் தள்ளிவிட்ட பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றன.

ஆவணியில் ஊர்க்கூட்டம் கூடியது. மூடச் சொல்லலாம் என்றால் கடை திறந்திருக்கவில்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மாசிலாமணி புதுக்குட்டி வாங்குவதை நிறுத்தினார். பட்டியில் ஆடு குறைந்துகொண்டே வந்தது. இருந்த ஆடுகளும் சுனைக்கு மேலே ஏறாமல் குறுக்கே முள்வேலி போட்டார். பட்டி எருவைப் போட்டு மொச்சையும் சுரையும் விதைத்தார். கடைக்கொக்கி சும்மா கிடக்கிறதே என்று சுரைக்காயை அதில் தொங்கவிட்டார்.

"என்னண்ணே, யாவாரத்த மாத்திட்டீங்க?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"எங்க மாத்துனேன்? அப்ப கறி, இப்ப காய்கறி."

இரண்டு ஐப்பசி மழை போனது. வேலிக்கு மேலே, ஆடு கடித்த வேப்பங்கன்று மறுபடி துளிர்த்து ஆள் உயரம் வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் மாசிலாமணி நல்ல பிஞ்சுச் சுரைக்காயாக ஒன்றை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். மனதில் ஒன்று கிடக்கிறது என்றார். முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்குத் தாயி இன்னும் பதில் சொல்லவில்லை.

"தப்பா, தப்பில்லையா தாயி?"

செங்கமலம் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனார். மாசிலாமணி உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். அதை மென்று முடிப்பதற்குள் தாயி திரும்பி வந்துவிட்டார். குடம் தளும்பியது.

ஒரு வாழை இலையை விரித்து, குடத்தை அதன்மேல் அவர் முன்னால் வைத்தார்.

"மலை கூறு போட்டிருக்குண்ணே. இது உங்க வீட்டுக் கூறு. மதினிகிட்ட குடுங்க."