இடியனின் நாற்பது மெல்லு

காட்டுக் குளத்தின் கரையில் குதிரைகள் சில வாழ்ந்தன. அவற்றுக்கு ஓடுவதில் ஆசை. மற்ற மிருகங்களுக்கோ அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில் அதைவிடப் பெரிய ஆசை!

ஆண்டுதோறும் மழை ஓய்ந்து கரை காய்ந்ததும் பந்தயம் நடக்கும். குதிரையின் இடுப்பில் ஒரு காட்டுக்கொடியைக் கட்டுவார்கள். கொடியின் மறுமுனையில் ஒரு பனைமட்டை. மட்டையின் மேல் ஒரு குரங்கு. குரங்கை இழுத்துக்கொண்டு குளத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

ஆனால் பாயக் கூடாது. பெருநடையில்தான் போக வேண்டும். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் சேர்ந்து எழ வேண்டும். அடுத்து மற்ற இரண்டும். அவசரத்தில் எந்தக் குதிரையாவது நாலுகால் பாய்ச்சல் எடுத்தால், நடுவரான நாரை "கால்!" என்று கத்தும். கத்தியதும் அந்தக் குதிரை அதே இடத்தில் நின்றுவிட வேண்டும். எதுவரை? ஒற்றைக்காலில் நிற்கும் நாரை அடுத்த காலை மாற்றி ஊன்றும்வரை. நாரைக்கு வாழ்க்கையில் எந்த அவசரமும் இருந்ததில்லை.

நேரம் பார்ப்பது எருமையின் வேலை. பந்தயம் தொடங்கியதும் அது அசைபோடத் தொடங்கும். ஒவ்வொரு மெல்லுக்கும் தவளைகள் எண்ணிக் கத்தும். "பவளி ஐம்பத்து மூன்று மெல்லில் வந்தாள்" என்றால் எருமை ஐம்பத்து மூன்று முறை மென்றது என்று அர்த்தம்.

பவளி சிவப்பு நிறப் பெண் குதிரை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஜெயித்தவள். ஒருமுறைகூட அவளைப் பார்த்து நாரை "கால்!" என்று கத்தியதில்லை. இப்படி ஒரு குதிரைக்கு என்ன குறை இருக்க முடியும்?

இருந்தது. அந்தக் குறையின் பெயர் இடியன்.

இடியன் செத்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பவளி அவனைப் பார்த்ததே இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் அவன் பெயர்தான் முன்னால் நிற்கும். ஏனென்றால் அந்தக் குளத்துக்கே இடியன் குளம் என்று பெயர். அவனும் ஐந்து முறை ஜெயித்தவன்தான். ஐந்தாம் வெற்றி அன்றே குளத்துக்கு அவன் பெயரை வைத்துவிட்டார்கள்.

பவளி ஐந்தாம் முறை ஜெயித்த அன்று என்ன நடந்தது தெரியுமா? மருதமரத்தடியில் வாக்குவாதம் நடந்தது. அவ்வளவுதான்.

"குளத்துக்கு இனிமே பவளி குளம்னு பேர் வைக்கணும்!" என்றது சூரி என்ற வெள்ளாட்டுக் கிடா. பவளிக்கு அதைப்போல ஒரு ரசிகன் கிடையாது.

"அடப் போடா!" என்றது எருமை மைக்காரி. "இடியன் எங்கே, இவள் எங்கே? அவன் நாற்பது மெல்லில் சுற்றினவன். நாற்பது! இவளுக்கு ஐம்பத்து மூணு ஆகுது."

"இவள் ஐந்து ஜெயிச்சிருக்காளே!"

"யார்கூட ஓடி ஜெயிச்சாள்? அந்தக் காலத்துக் குதிரைங்க எல்லாம் குதிரைங்க. இப்போ இருக்கிறது எல்லாம் கோவேறு கழுதைங்க!"

"நீ இடியன் ஓடினதைப் பார்த்தியா அத்தை?"

"அப்போ நான் கன்னுக்குட்டி. பால் குடிச்சுக்கிட்டே பார்த்தேன்."

மரத்துக்குப் பின்னால் நின்று பவளி எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குக் காது சிவந்தது. நேராக நடுவில் வந்து நின்றாள்.

"அவன் ஐந்து ஜெயிச்சான், பேர் வெச்சீங்க. நானும் ஐந்து ஜெயிச்சேன், மெல்லுக்கணக்கு பேசறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

நாரை குறுக்கே வந்தது.

"சண்டை வேண்டாம். பவளி ஆறாவது முறையும் ஜெயிக்கட்டும். ஜெயித்தால் குளத்துக்கு அவள் பெயர். சம்மதமா?"

அவனுக்கு ஐந்து, அவளுக்கு மட்டும் ஆறு! அநியாயம்தான். அப்பட்டமான அநியாயம். ஆனாலும் பவளி "சம்மதம்!" என்றாள். மைக்காரியும் தலையாட்டியது. "ஆனா ஒண்ணு. பேர் மாறினாலும் நாற்பது நாற்பதுதான்!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது.

அந்த ஒரு சொல் பவளியின் நெஞ்சில் நெருஞ்சிமுள்ளாகத் தைத்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் புல் இறங்கவில்லை. தாய்க்குதிரை ஒன்று தன் குட்டியிடம் "இடியன் மாதிரி காலைத் தூக்கி வை" என்று சொன்னால் இவளுக்கு எரியும். மேகம் இடித்தால்கூட அவனைத்தான் புகழ்கிறது என்று தோன்றும். அவனுடைய குளம்புத்தடம் எங்காவது மிச்சமிருந்தால் தேடிப்போய் மிதிக்கலாமே என்றுகூட நினைத்தாள். எட்டு ஆண்டு மழையில் எந்தத் தடம் மிஞ்சும்?

சூரி தினமும் வந்து அவளைப் புகழும். "ஒரு தடவைகூடக் கால் மாறாத குதிரை நீ ஒருத்திதான் பவளியக்கா!"

"மைக்காரி என்ன சொல்றாள்?" என்று கேட்பாள் பவளி.

"அவளை விடு அக்கா. நான் சொல்றதைக் கேளு."

"இல்லை, அவள் என்ன சொல்றாள்னு சொல்லு!"

அடுத்த ஆண்டும் கரை காய்ந்தது. பந்தய நாள் காலையில் பவளியின் மட்டையில் தவிடி என்ற மந்தி ஏறி உட்கார்ந்தது. ஐந்து வெற்றியிலும் அவள் பின்னால் இருந்தது தவிடிதான்.

"அக்கா, வழக்கம்போல நிதானமா போ. இந்த வருஷம் ஓடுறது ரெண்டே ரெண்டு பேர்தான். நீயும் பொட்டுவும். ஜெயிச்சுடலாம்" என்றது தவிடி.

பொட்டு நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த மட்டக்குதிரை. போன ஆண்டு அறுபத்து நான்கு மெல்லில் வந்தவன். பவளியைப் பார்த்ததும் பணிவாகத் தலை குனிந்தான். "வணக்கம் அக்கா! உங்க பின்னாடி ஓடுறதே எனக்குப் பெருமை."

பவளி அவனைக் கவனிக்கவே இல்லை. அவள் கண் கரையில் அசைபோடத் தயாராக இருந்த மைக்காரியின் வாய் மீதே இருந்தது.

நாரை இறக்கையை விரித்தது. பந்தயம் தொடங்கியது!

டக்கு டக்கு, டக்கு டக்கு. பவளியின் கால்கள் அளந்து வைத்ததைப்போல விழுந்தன. மருதமரத்தைத் தாண்டும்போதே பொட்டு ஆறு குதிரை நீளம் பின்தங்கிவிட்டான். பாதிச் சுற்று முடிந்தது.

"இருபத்தாறு!" என்று தவளைகள் கத்தின.

பவளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிக்கு இருபத்தாறா? அவனுக்கு இருபதுதானே ஆகியிருக்கும்! வேகத்தைக் கூட்டினாள். தவிடி பிடித்திருந்த கொடி விறைத்தது.

"அக்கா, மெதுவா!"

"முப்பத்து மூன்று!"

தாழம்புதர் வந்தது. இன்னும் கால்வாசிக்கு மேல் பாக்கி. மைக்காரி மென்றுகொண்டே கண்ணைச் சிமிட்டுவதுபோல் பவளிக்குத் தெரிந்தது. "நாற்பது நாற்பதுதான்!" என்று யாரோ காதோரம் சொல்வதுபோல் இருந்தது.

"முப்பத்தெட்டு!"

"அக்கா! யாரைத் துரத்துறே? முன்னாடி யாருமே இல்லையே!" என்று தவிடி கத்தியது.

"இருக்கான்!" என்று கனைத்தாள் பவளி. பாய்ந்தாள். நாலு காலும் ஒருசேர மண்ணை விட்டு எழுந்தன.

"கால்!"

ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் சத்தம் அவளை நோக்கி வந்ததில்லை. பவளி நின்றாள். வாயில் நுரை. தவிடி மட்டையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாரை ஒற்றைக்காலில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இறகை ஒருமுறை கோதிக்கொண்டது. காலை மட்டும் மாற்றவில்லை.

பின்னால் டக்கு டக்கு என்று சத்தம் நெருங்கியது. பொட்டு வந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் நடை மாறவில்லை.

"அக்கா, ஏன் நின்னுட்டீங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டான். கேட்டபடியே தாண்டிப் போனான்.

அவன் எல்லைக்கல்லுக்குப் பத்தடி முன்னால் இருந்தபோது நாரை மெல்ல மறுகாலை இறக்கி ஊன்றியது. அப்போது பவளி ஓடி என்ன பயன்?

"அறுபது! பொட்டு ஜெயித்தான்!" என்று தவளைகள் கத்தின.

மருதமரத்தடியில் மறுபடி கூட்டம் கூடியது. பவளி கொடியைக்கூட அவிழ்க்காமல் மட்டையை இழுத்துக்கொண்டே வந்தாள்.

"பார்த்தியா!" என்றது மைக்காரி. "அதனாலதான் இடியன் இடியன்! நாற்பதுன்னா சும்மாவா?"

பவளிக்கு அழுகை வந்தது. அதை அடக்கியபோது ஒரு கேள்வி வந்தது. இத்தனை ஆண்டுகளில் அவள் எல்லாவற்றுக்கும் வாதாடியிருக்கிறாள். இதை மட்டும் கேட்டதில்லை.

"அந்த நாற்பதை மென்னது யாரு?"

"எங்க அம்மாதான். வேற யாரு?"

"உங்க அம்மாவும் உன்னை மாதிரிதான் மெல்லுவாங்களா?"

மைக்காரி சிரித்தது. "நல்லாக் கேட்டே போ! அவளுக்கு அப்போ கடைவாய்ப் பல்லே பாதி கிடையாது. வாயை ஒரு தடவை அரைச்சு முடிக்கிறதுக்குள்ளே நான் ரெண்டு தடவை மென்னுடுவேன். பாவம், ஒரு கட்டுப் புல்லுக்கு ஒரு பகல் ஆகும் அவளுக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன சொன்னோம் என்று யோசித்தது. அசைபோடுவது நின்றுவிட்டது.

சூரியின் தாடி ஆடியது. "அப்படின்னா... அவங்க அம்மா வாய்க்கு நாற்பதுன்னா, மைக்காரி வாய்க்கு எண்பது! ஐயோ பவளியக்கா! உன்னோட ஐம்பத்து மூணு..."

மேலே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முதல் வெற்றியிலேயே அவள் இடியனை முந்திவிட்டாள். ஐந்து ஆண்டுகளாக முந்திக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று பவளி கேட்டாள்.

"யாரும் கேட்கலையே!" என்றது மைக்காரி. அது பொய் சொல்லவில்லை.

"அப்போ பேரை மாத்துங்க! இப்பவே மாத்துங்க!" என்று சூரி குதித்தது.

நாரை தலையை அசைத்தது. "ஆறாவதை ஜெயித்தால் என்று பேச்சு. ஜெயிக்கவில்லை. நிதானமாக வந்திருந்தால் மெல்லும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், இந்நேரம் இது பவளி குளம்."

ஆனால் பேச்சு அதோடு நிற்குமா? தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தவளை, "இருந்தாலும், பொட்டு மாதிரி நிதானமான நடை பவளிக்கு வருமா?" என்றது. இன்னொரு தவளை "வரும்டா!" என்றது. மூன்றாவது ஒன்று, "இடியனுக்கே வராது!" என்றது. குளம் முழுவதும் கத்தல் கிளம்பிவிட்டது.

தவிடி வந்து பவளியின் இடுப்பிலிருந்த கொடியை அவிழ்த்தது. பவளி குளத்தில் இறங்கி, இடியன் குளத்துத் தண்ணீரைத் தலை நிமிராமல் குடித்தாள். அவளுக்கு எதிரே தண்ணீரில் தெரிந்தது அவளுடைய முகம் மட்டும்தான்.

பொறாமைப்படுபவர் அடுத்தவர் பெருமையை அளந்து பார்க்காமலே நம்புவார். தன் பெருமையை அளந்து பார்த்தும் நம்பமாட்டார். அதனால் கைக்கு வந்ததையும் கோட்டைவிடுவார்.